கம்பு சரியில்ல

"கம்பு சரியில்ல சார்."

இந்த வார்த்தையை ரெஹானா இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடிப்போய்க் கம்பை ஊன்றி, மேலே போகாமல் பாதியிலேயே நின்று, மெத்தையின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்த மறுநொடி அது வரும். எழுந்திருப்பதற்கு முன்னாலேயே வந்துவிடும். வாயில் மண் இருந்தால் மண்ணோடு சேர்ந்து வரும். மழைக்காலத்தில், "கம்பு ஈரமாருக்கு, சரியில்ல சார்." கோடையில், "கம்பு கையச் சுடுது, சரியில்ல சார்." ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று ஆளையே நகர்த்தும் நாட்களில், "காத்து கம்ப இழுக்குது சார். நல்ல கம்பா இருந்தா இழுக்க விடுமா?"

கல்லூரியில் அது எல்லோருக்கும் மனப்பாடம். கேன்டீனில் டீ ஆறிப்போயிருந்தால், மூக்கைக் கொஞ்சம் தூக்கி, கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து, "டீ சரியில்ல சாஆர்" என்பார்கள். அரியர் வைத்தவன், "பேனா சரியில்ல சாஆர்" என்பான். ரெஹானா திரும்பி நின்று, "நடிக்கிறதுன்னா ஒழுங்கா நடி. நா மூக்கத் தூக்க மாட்டேன், புருவத்தத்தான் தூக்குவேன்" என்று திருத்திவிட்டுப் போவாள்.

கம்பத்துக்காரி. இருபது வயது, பி.காம். கடைசி வருஷம். ஐந்தடி எட்டங்குலம். ராவுத்தர் வீட்டுக் கல்யாணங்களில் போட்டோவுக்கு நிற்கும்போது, "ஏ ஒட்டடக் கம்பு, நீ பின்னால போ" என்று ஏழு குரல் ஒன்றாகக் கேட்கும். பின்னால் போவாள். பின்வரிசையில் நின்றும் முன்வரிசைக்காரர்களைவிடப் பெரிதாகத் தெரிவாள். ஆனாலும் உறவுக்காரப் பெண்களுக்கு அவளைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் உண்டு. "எம்புட்டு ஒயரமா இருந்தாலும் அடக்கம் பாரு. வாசல்ல நொழையிறப்ப, பந்தலுக்குள்ள வர்றப்ப, தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான வருது" என்பார்கள். வாய்க்கு வாய் பதில் சொல்லும் பெண்ணுக்கு அடக்கம் எங்கிருந்து வந்தது என்று அவள் அம்மா லத்திபாவுக்கு மட்டும் விளங்கவே இல்லை.

அவளுடைய அத்தா அமானுல்லாவுக்கு ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்ட பந்தல். ஐந்தரை அடி உயரம். குலை வெட்ட வரும் பெண்களுக்குக் கை எட்டுவதற்குத் தோதான உயரம் அது. சின்ன வயசிலிருந்து லீவு நாளெல்லாம் ரெஹானாவுக்கு அந்தப் பந்தலுக்கு அடியில்தான். பதின்மூன்று வயசில் ஒரே வருஷத்தில் கிடுகிடுவென்று வளர்ந்தாள். பந்தல் அப்படியே நின்றது.

கம்பூன்றித் தாண்டுவதற்கு அவள் வந்து சேர்ந்ததற்கு ஒரு வாலிபால் காரணம். மைதானத்து வேப்பங்கிளையில் பந்து சிக்கிக்கொண்டது. நாலு பையன்கள் செருப்பை வீசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கமாகப் போனவள் கையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்தாள். உடற்கல்வி ஆசிரியர் ஜஸ்டின் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வயது, ஈட்டி எறிகிறவர். ஸ்டோர் ரூமில் எப்போதோ யாரோ கொடுத்த தாண்டும் மெத்தை ஒன்றும், பைபர் கம்பு ஒன்றும் தூசி படிந்து கிடந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனசு அரிக்கும்.

"ஏம்மா, மெத்த இருக்கு, கம்பு இருக்கு. ஆளுதான் இல்ல. வர்றியா?"

"விழுந்தா?"

"மெத்தைலதான விழுகப்போற."

"விழுகலன்னா?"

"அதெப்புடி. மேல போனவுக கீழ வந்துதான ஆகணும்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போனது. மறுநாள் வந்தாள்.

ஜஸ்டினுக்குத் தெரிந்தது ஈட்டி. இதை அவரும் செல்போனில் பார்த்துத்தான் படித்துக்கொண்டிருந்தார். அவளைவிட ஒரு வீடியோ முன்னால் இருந்தார், அவ்வளவுதான். முதல் மூன்று மாதம் வெறும் மணல் குழிதான். கம்பைப் பிடித்து நட, ஊன்று, தொங்கு, அந்தப் பக்கம் இறங்கு. பிறகு ஓட்டம். எத்தனை எட்டு, எந்த இடத்தில் இடது கால் விழவேண்டும் என்று சுண்ணாம்பில் கோடு கிழித்தார். கடைசி மூன்று எட்டில் இடுப்பிலிருந்து கம்பைத் தூக்கி நெற்றிக்கு மேலே கொண்டுபோக வேண்டும். மேல்கை நேராக நிமிர்ந்திருக்க வேண்டும். நுனி மெத்தைக்கு முன்னால் உள்ள ஊன்றுகுழியில் முட்டும்போது உடம்பு மேலே பாய வேண்டும்.

"ஏறாதம்மா, குதி. கம்பு என்ன ஏணியா?"

குதித்தாள். ஓட்டம் ஒரு வருஷத்தில் அழகாக அமைந்தது. கால் கோட்டில் விழுந்தது. பார்ப்பவர்கள், "அடேயப்பா, இது எங்கிட்டோ போகப்போகுது" என்று மூச்சைப் பிடிப்பார்கள். கடைசி எட்டில் மேலேயிருந்து யாரோ உச்சந்தலையில் கைவைத்து அமுக்கியது போல அவள் சுருங்குவாள். முழங்கை மடியும். கம்பு விளக்குக்கம்பம் மாதிரி விறைத்து நிற்கும். அவள் அதைக் கட்டிக்கொண்டு ஒரு நொடி தொங்கிவிட்டு, வந்த வழியே திரும்பி வருவாள்.

"கம்பு வளைய மாட்டேங்குது. கம்பு சரியில்ல சார்."

"முழங்க மடியுதும்மா."

"கம்பு வளஞ்சா முழங்க ஏன் மடியுது?"

"முழங்க மடியாட்டா கம்பு வளையும்."

ஒரு வருஷம் முழுக்க இதே வழக்கு. ஜஸ்டின் முழங்கைக்குக் காவல் இருந்தார். ரப்பர் பட்டை கட்டிப் பார்த்தார். சுவரில் கைவைத்துத் தள்ளச் சொன்னார். சுவர் எதிரே நின்றால் கை நிமிரும். கம்பு தலைக்கு மேலே போனால் மடியும்.

அந்த மடிப்போடுதான் இரண்டு போட்டிக்குத் தேனிக்குப் போனாள். இரண்டிலும் முதல் உயரம் இரண்டு மீட்டர், அதற்கு மூன்று வாய்ப்பு. இரண்டிலும் மூன்றும் போச்சு. ஒரு உயரம்கூடத் தாண்டாதவர்களுக்கு முடிவுத் தாளில் 'என்.எச்.' என்று போடுவார்கள். உயரம் இல்லை என்று அர்த்தம். மைதானத்திலேயே உயரமான பெண்ணின் பேருக்கு நேரே அப்படி எழுதியிருப்பதைப் பார்த்து, கூட வந்தவர்கள் பஸ் சின்னமனூர் தாண்டும் வரை சிரித்தார்கள்.

அதைவிட வலித்தது நடுவர் வைகுண்டராஜ் சொன்னது. ஐம்பது வயதுக்காரர். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் விசிலுக்குப் பதிலாக மூக்காலேயே பேசுவார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு 'ம்மா' வைப்பார்.

"ஏம்மா, ஹை ஜம்ப்புக்கு வந்துரும்மா. ஒனக்கு எதுக்கும்மா கம்பு? நீயே ஒரு கம்பும்மா."

ரெஹானா காலில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "நெட்டையா இருந்தா ஹை ஜம்ப்பு, குட்டையா இருந்தா கோகோ, குண்டா இருந்தா குண்டெறியணும். செருப்புக் கடையில சைஸ் பாத்து எடுத்துக் குடுக்குற மாதிரில சார் சொல்றீக."

வைகுண்டராஜ் கழுத்து விசிலைச் சரிசெய்துகொண்டு, "நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்றார். அது அவர் எல்லோருக்கும் சொல்வது.

இரண்டாவது 'என்.எச்.' வாங்கிக்கொண்டு வந்த மாதமே ஜஸ்டின் அவளைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல், ஈட்டியின் நுனியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அடுத்த மாசம் மாவட்டப் போட்டி. அதுல ஒரு உயரமாச்சும் நீ தாண்டிரணும்."

"தாண்டாட்டி?"

"மெத்தையத் துண்டு துண்டா வெட்டி யோகா ரூமுக்கு விரிக்கப் போறாகளாம். ரெண்டு வருசமா ஒரு ரிசல்ட்டும் இல்ல, மழையில நனஞ்சு நாறுதுன்னு பிரின்சிபால் சொல்லிட்டாக. நா ஒரு மாசம் டைம் கேட்ருக்கேன்."

மெத்தை போனால் எல்லாம் போனது. தேனிக்கு இந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்து வேறு மெத்தை கிடையாது. ரெஹானா மைதானத்து ஓரத்தில் கிடந்த அந்த நீலக் குப்பையைப் பார்த்தாள். ஒரு முனையில் நாய் படுத்திருந்தது.

"அதுமேல கால நீட்டி யாரு மூச்சு விடுறாகன்னு நானும் பாக்குறேன்" என்றாள்.

வீட்டில் வேறு கச்சேரி. அறுவடை நேரம். அமானுல்லா மென்மையான மனிதர், ஆனால் பேச்சை எப்போதும் தொண்டையைச் செருமிவிட்டு, மண்டியில் பேரம் பேசுகிற தோரணையில்தான் ஆரம்பிப்பார்.

"க்க்ஹம். இங்க பாருத்தா. மொத தடவ போன, சும்மா வந்த. நா ஏதாச்சும் சொன்னனா? ரெண்டாந் தடவயும் போன, சும்மா வந்த. அப்பவும் சொல்லல. மூணாவது தடவ எதுக்கு? கையி காலு ஒடஞ்சா யாரு பாக்குறது?"

"அத்தா, போன வருசம் மழையில திராட்ச வெடிச்சுப் போச்சுல்ல?"

"ஆமா."

"அதுக்கு முந்துன அறுப்பும் வெடிச்சுச்சுல்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மூணாந் தடவ கொடியக் கவாத்து வெட்டித் தழைய விடாமயா இருந்தீக?"

அமானுல்லா இன்னொரு தடவை செருமினார். அடுப்படியிலிருந்து லத்திபா, "கேட்டு வாங்கிக்கிட்டீகள்ல? சாப்பிட வாங்க" என்றாள்.

பேரம் ஒரு மாதிரி படிந்தது. காலையில் தோட்டத்து வேலை, மத்தியானத்துக்கு மேல் மைதானம். ஆனால் அவளுக்கு மத்தியானம் வரை பொறுக்கவில்லை. பக்கத்து வாழைத்தோப்பில் மரத்துக்கு முட்டுக் கொடுத்து மிச்சமான மூங்கில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். திராட்சைத் தோட்டத்துக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவில் ஆறடி அகல வாய்க்கால். வண்டிப் பாதையில் ஓடிவந்து, மூங்கிலை வாய்க்கால் நடுவில் ஊன்றி, அந்தப் பக்கச் சேற்றில் போய் இறங்க வேண்டும். இது அவளே வகுத்த பாடத்திட்டம். முதல் நாள் ஐந்து தடவை ஓடினாள். ஐந்து தடவையும் வாய்க்கால்தான் வாங்கிக்கொண்டது.

ஐந்தாவது தடவை தண்ணீரிலிருந்து எழுந்தபோது, கரையில் பூமாரி நின்றிருந்தாள். குலை வெட்ட வரும் பெண்களுக்கு அவள்தான் முன்னேர். முப்பது வயது இருக்கும். நாலடி பத்தங்குலம். தலையில் துண்டைச் சுற்றி, கையில் வெட்டுக் கத்தரியோடு நின்றாள்.

"என்ன பாப்பா, ஆகாசத்துல யாரு பந்தல் போட்ருக்கா?"

"என்னது?"

"குனியிறியே. கம்ப நல்லாத்தான் தூக்குற. தூக்குன ஒடனே எங்கிட்டோ கம்பி இடிக்கப் போற மாதிரி தலைய உள்ள இழுத்துக்கிர்ற."

"நா எங்க குனிஞ்சேன்?"

"குனிஞ்ச."

"நா குனியவே இல்லக்கா. மூங்கிலு சரியில்ல."

பூமாரி கத்தரியைக் கீழே வைத்தாள். மூங்கிலை வாங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரெஹானாவைப் போலவே முழங்காலை உயர்த்தி உயர்த்தி ஓடினாள். ஓட்டம் அச்சு அசல். மூங்கில் தலைக்கு மேலே போனதும் தாடை நெஞ்சில் ஒட்டியது, தோள் இரண்டும் காது வரை ஏறின, முழங்கை மடங்கியது. வாய்க்கால் விளிம்பில் சரியாக நின்று, புருவத்தைத் தூக்கி, "மூங்கிலு சரியில்ல சாஆர்" என்றாள். பந்தலுக்கு அடியில் குலை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தரியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"ஒங்களுக்கு யாரு சொன்னா அந்த சார்?" என்றாள் ரெஹானா.

"கம்பத்துக்கே தெரியும்."

அன்று சாயங்காலம் ஈரத் துணியைக்கூட மாற்றாமல் போனைத் திறந்தாள். ஜஸ்டின் ஒரு வருஷமாக எடுத்து அனுப்பிய வீடியோக்கள் இருந்தன. எப்போதும் முழங்கையைத்தான் பார்ப்பாள். இந்தத் தடவை கழுத்தைப் பார்த்தாள். மெதுவாக ஓடவிட்டு, கம்பு நெற்றியைத் தாண்டும் இடத்தில் நிறுத்தினாள். தாடை நெஞ்சில். அடுத்தது. தாடை நெஞ்சில். பதினொரு வீடியோ. மேலே நீல வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை, பதினொன்றிலும் அவள் ஒரு கம்பிக்குக் குனிந்துகொண்டிருந்தாள். தலை போனது, தலையோடு தோள் போனது, தோளோடு முழங்கை போனது. பதின்மூன்று வயசில் நெற்றியில் வாங்கிய இடியெல்லாம் கழுத்துக்குள் குடியிருந்துகொண்டு, தலைக்கு மேலே எது வந்தாலும் 'குனி, குனி' என்று உத்தரவு போட்டிருக்கிறது. பஸ் படிக்கட்டில் போட்டிருக்கிறது. பன்னிரண்டடிக் கல்யாணப் பந்தலில் போட்டிருக்கிறது. அதற்குத்தான் உறவுக்காரர்கள் அடக்கம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு கம்பிமேல் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? ஜஸ்டினைக் கூப்பிட்டாள்.

"சார், கம்பு சரியில்லதான். ஆனா கழுத்தும் சரியில்ல."

மறுமுனையில் ஜஸ்டின் வீடியோவைப் பார்த்தார்.

"ஒரு வருசமா நா முழங்கைக்கு வைத்தியம் பாத்துருக்கேனேம்மா" என்றார் கடைசியில்.

"நீங்க ஈட்டிக்காரக சார். ஒங்களுக்கு யாரு பந்தலப் பத்திச் சொன்னா. விடுங்க."

கழுத்து நிமிரும் வரை மைதானத்தில் கம்பைத் தொட வேண்டாம் என்று ஜஸ்டின் சொல்லிவிட்டதால், மறுநாள் காலை ரெஹானா பூமாரியிடம் போய் ஒரு ஒப்பந்தம் பேசினாள். வண்டிப் பாதையில் அவள் மூங்கிலோடு நடப்பாள். எட்டுத் தப்படி நடந்து மூங்கிலைத் தலைக்கு மேலே தூக்குவாள். பூமாரி வேலையைப் பார்த்துக்கொண்டே கவனிக்க வேண்டும். தலை குனிந்தால் சொல்ல வேண்டும்.

"சொன்னா எனக்கென்ன?" என்றாள் பூமாரி.

"ஒரு குனிவுக்கு ஒங்க பொட்டி ஒண்ணு நா தூக்குறேன். வேன் வரைக்கும்."

திராட்சை நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டி இருபது கிலோ கனக்கும். பூமாரிக்குக் கண் மின்னியது. அன்று முழுக்க அவள் குரல் பந்தலுக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. "குனிஞ்ச." "குனிஞ்ச பாப்பா." "அரக் குனிவு, அதுவும் சேத்தி." "இப்பக் குனியல. பாத்தியா, குனியலன்னு சொன்ன ஒடனே குனியிற." முதல் நாள் இருபத்து மூன்று பெட்டி. அமானுல்லா வேன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, மனைவிக்குப் போன் போட்டு, "க்க்ஹம், புள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சு" என்றார். இரண்டாம் நாள் பதினேழு. நான்காம் நாள் ஆறு. பூமாரிக்கு வருத்தமாகிவிட்டது. பின்னால் வந்து நின்று திடீரென்று துண்டைத் தலைக்கு மேலே வீசினாள், பயமுறுத்தினாள், ஒரு தடவை தென்னை மட்டையையே தூக்கிக் காட்டினாள். எட்டாம் நாள், போட்டிக்கு முந்தின நாள், ஒரு பெட்டிகூட இல்லை.

அன்றைக்குத்தான் ரெஹானா தண்ணீர் குடிக்கப் பந்தலுக்குள் நேராக நடந்து போய், கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். கல்தூண் வரை அதிர்ந்தது. கொடியிலிருந்து நாலு குலை உதிர்ந்தது.

அமானுல்லா ஓடிவந்தார். "எத்தன வருசமா போற வர்ற எடம். குனியத் தெரியாதா?"

"மறந்துருச்சு அத்தா" என்றாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு.

"இதுல என்ன பெரும?"

"ஏழு வருசம் குனிஞ்சாச்சு. இனி நீங்க வேணும்னா பந்தல ஒயத்துங்க."

பந்தலை உயர்த்த முடியாது என்று இருவருக்கும் தெரியும். அதன்பிறகு அவள் பந்தலுக்குள் முழங்காலை மடக்கித்தான் நடந்தாள், கழுத்தை மடக்கவில்லை. தொடை வலித்தது. நெற்றியில் பட்டாணி அளவு புடைப்பு நாவல்பழ நிறத்தில் நின்றது. அதோடுதான் மாவட்டப் போட்டிக்குத் தேனிக்குப் பஸ் ஏறினாள். பஸ் படிக்கட்டிலும் குனியவில்லை. ஒரு நூல் இடைவெளியில் தப்பித்தாள்.

கம்பூன்றித் தாண்டுவதற்கு நான்கு பெண்கள். அதே வைகுண்டராஜ். அதே இரண்டு மீட்டர்.

"என்னம்மா நெத்தியில, முட்டிக்கிட்டியாம்மா? இதுக்குத்தாம்மா அன்னைக்கே ஹை ஜம்ப்புன்னு..."

"மூணு சான்ஸ் இருக்குல்ல சார்?"

"இருக்கும்மா."

முதல் தடவை அவளுக்கு ஆசை மிஞ்சியது. கழுத்து சரியானதால் இனி எதையும் செய்யலாம் என்று, கம்பில் வழக்கத்தைவிட ஒரு சாண் மேலே பிடித்தாள். கம்பு நேராக எழுந்து பாதியில் நின்று யோசித்து, அவளைப் பின்பக்கமே திருப்பி அனுப்பியது. வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது. "கம்பு..." ஜஸ்டின் தலையைத் தொங்கப் போட்டார். அவள் மிச்சத்தை விழுங்கினாள்.

இரண்டாவது தடவை பிடியைப் பழைய இடத்துக்கு இறக்கினாள். ஓடினாள். மூன்று, இரண்டு, ஒன்று. கம்பு நெற்றியைத் தாண்டியது, கண் மேலே பார்த்தது, கழுத்து நிமிர்ந்தே நின்றது, கை நேராக இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கம்பு வளைந்தது. வில் மாதிரி வளைந்தது. இத்தனை நாள் வளை, வளை என்று கெஞ்சியவளுக்கு, அது வளைந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பாதியில் கையை விட்டாள். முழங்கால் பட்டு, குறுக்கே கிடந்த பார் கீழே விழுந்தது.

"வளஞ்சுருச்சு சார்" என்றாள் ஜஸ்டினிடம்.

"பாத்தேன்."

"இம்புட்டு வளையும்னு சொல்லவே இல்லயே."

"எனக்கு எப்படிம்மா தெரியும். நானும் இன்னைக்குத்தான பாக்குறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கலாமா என்று தெரியவில்லை. வைகுண்டராஜ் மூக்கால் கூப்பிட்டார். "கடைசி தடவம்மா."

இதுவும் போனால் யோகா ரூம். அந்த நீல மெத்தை நாற்பது துண்டாகித் தரையில் கிடப்பதும், அதில் பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதும் அவளுக்குத் தெரிந்தது. கம்பை எடுத்தாள். கம்பு அவ்வளவு வளையாமல் இருக்கட்டும் என்று பிடியை நாலு விரல் கீழே இறக்கினாள். யார் சொல்லியும் கேட்டு இதுவரை அவள் பிடியை இவ்வளவு இறக்கியதே இல்லை. இறக்குவது தோற்பது என்று நினைத்திருந்தாள். மலைப் பக்கமாக வந்த காற்று ஒரு நிமிஷம் ஓய்ந்தது. ஓடினாள்.

கழுத்து குனியவில்லை. கம்பு வளைந்தது. அவள் விடவில்லை. கால் முன்னால் வீசியது, இடுப்பு எழுந்தது, மைதானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாருக்கு மேலே போகும்போது இடது தொடை அதைத் தொட்டது. மெத்தையில் மல்லாந்து விழுந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பார் நடுங்கியது. குதித்தது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது.

வைகுண்டராஜ் வெள்ளைக் கொடியைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் நம்பினார் போலிருந்தது. ஜஸ்டின் கத்தவில்லை. போனைத் தலைகீழாகப் பிடித்து, தன் காலையே வீடியோ எடுத்திருந்தார்.

அடுத்து இரண்டு மீட்டர் பத்து. இப்போது அவளுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. வேகமாக ஓடினாள், நிமிர்ந்து பாய்ந்தாள். கம்பு வளைந்தது, இன்னும் வளைந்தது, வாழைத்தார் இழுத்த மரம் மாதிரி ஒரேயடியாகச் சரிந்து அவளை மெத்தையின் பக்கவாட்டில் இறக்கியது. அடி இல்லை. ஆனால் வைகுண்டராஜ் விசிலை முதல் தடவையாக ஊதினார். வந்து கம்பைக் கையில் வாங்கினார். வழுக்காமல் இருக்க ஜஸ்டின் சுற்றியிருந்த துணி டேப்பைப் பிரித்துக்கொண்டே போனார். கடைசிச் சுற்றுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது.

"நாப்பத்தஞ்சு கிலோ ஆளு வரைக்குந்தான் தாங்கும். இது சின்னப் புள்ளைக கம்பும்மா. நீ எம்புட்டும்மா வெயிட்டு?"

"அம்பத்தெட்டு."

ஜஸ்டின் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். பிறகு தூரத்தில் இருந்த மலையைப் பார்த்தார்.

"குனிஞ்சு ஓடுன வரைக்கும் ஒன் பாரம் இதுமேல ஏறவே இல்லம்மா. அதான் தாங்குச்சு. இப்ப முழு ஆளும் ஏறுற, தாங்காது. இத வச்சுக்கிட்டு இதுக்கு மேல விட மாட்டேம்மா" என்றார் வைகுண்டராஜ். முடிவுத் தாளில் அவள் பேருக்கு நேரே இரண்டு மீட்டர் என்று எழுதினார். இரண்டு தடவை 'என்.எச்.' எழுதிய அதே பேனா. எழுதி முடித்து மூடியைப் போட்டார். முகத்தில் நிஜமான பரிவு இருந்தது. "ஒரு உயரம் தாண்டிட்டேல்லம்மா, ஒங்க சார் சொன்ன மெத்தைக்கும் இனி ஆபத்தில்ல. இதோட சந்தோசமா முடிச்சுக்கம்மா. அடுத்த வருசம் ஹை ஜம்ப்புக்கு வந்துரும்மா. நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

ரெஹானா கம்பை அவர் கையிலிருந்து வாங்கினாள். அதைத் தரையில் ஊன்றி, நெற்றிப் புடைப்பு வெயிலில் பளபளக்க, முழு ஐந்தடி எட்டங்குலத்துக்கும் நிமிர்ந்தாள்.

"ரெண்டு வருசமா நானும் அதத்தான சார் சொல்றேன், கம்பு சரியில்லன்னு. குனிஞ்சுக்கிட்டு சொன்னப்ப அது சாக்கு, நிமுந்து நின்னு சொல்றப்ப அது நெசம். நீங்க வேணும்னா கம்ப மாத்துங்க, நா ஆட்டத்த மாத்த மாட்டேன்."